குழந்தையைத் தொடும் கைக்கு யார் பாடம் சொல்வது?

கைக்குழந்தை ராத்திரி முழுக்க வீறிட்டு அழுகிறது. ஒரு பக்கக் கையை மட்டும் தூக்க மாட்டேன் என்கிறது. தொட்டால் துடிக்கிறது. உங்கள் வீட்டில் முதலில் என்ன செய்வீர்கள்?

'டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். "உரம் விழுந்திருக்கும்டி... ஒரு பழைய வேட்டியை எடுத்துட்டு வா" என்று வீட்டில் ஒரு பெரியம்மா சொன்னால், நம்மில் எத்தனை பேர் மறுத்துப் பேசுவோம்? வேட்டியில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இப்படியும் அப்படியும் நாலு முறை உருட்டுவார்கள். சில வீடுகளில் முறத்தில் போட்டு உருட்டுவதும் உண்டு. குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டால், "பார்த்தியா, உரம் எடுத்தாச்சு!"

இது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பட்டணத்திலும் குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற ஆயா இதையேதான் செய்கிறார். செல்போன் வைத்திருக்கும் இளம் அம்மா அப்பாக்களுக்கோ இப்போது புதுசாக இன்னொன்று கிடைத்திருக்கிறது. முதுகையும் கழுத்தையும் 'சடக்' என்று சொடுக்குகிற வீடியோக்கள். கைரோபிராக்டர் என்று அவர்களுக்குப் பெயர்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பாட்டியின் கையோ, கட்டு கட்டுபவரின் கையோ, வெளிநாட்டில் பட்டம் வாங்கியவரின் கையோ, குழந்தையின் எலும்பையும் மூட்டையும் தொடும் கை எதுவானாலும் அது குழந்தையின் உடம்பைத் தனியாகப் படித்த கையாக இருக்க வேண்டும். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய பழக்கம் இங்கே போதாது.

உப்பள ஓரத்தில் என்ன நடக்கிறது?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் மாதிரி உப்புக்குப் பேர் போன ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலுக்குப் பின்னால் விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வருஷம் முழுக்க வேலையும் கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் அளம் மூடிக்கிடக்கும். சீசனில் ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு.

மரக்காணத்தில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் குழந்தைகளின் எலும்பைப் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமென்றால் தெற்கே புதுச்சேரி ஜிப்மருக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மேற்கே திண்டிவனம், அதையும் தாண்டி முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பஸ் சார்ஜ், சாப்பாடு, போன கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தெருக்கோடியில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிற அம்மா காசு கூடக் கேட்க மாட்டார். வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கை ஒடிந்தால் 'புத்தூர் கட்டு'. ஆந்திராவில், திருத்தணியைத் தாண்டி இருக்கும் புத்தூரின் பெயரில் தமிழ்நாடு முழுக்க போர்டு தொங்குகிறது இல்லையா!

ஆகவே இந்த ஜனங்களை 'அறியாமை' என்று திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் இருப்பவர், தெரிந்தவர், இதமாகப் பேசுகிறவர், சாயங்காலத்திலும் கதவைத் திறப்பவர் என்று பார்த்துத்தான் போகிறார்கள். நீங்களும் நானும் அப்படித்தான் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

'எங்க பாட்டி எடுத்தா சரியாச்சே!'

சரியாகத்தான் ஆகிறது. அதில்தான் சிக்கலே!

ஒரு வயசிலிருந்து நாலு வயசுக்குள் இருக்கும் குழந்தையின் கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால், முழங்கையில் ஒரு சின்ன எலும்பின் தலை அதைச் சுற்றியிருக்கும் நாரிலிருந்து லேசாக நழுவிவிடும். ரோட்டைக் கடக்கும்போது இழுப்போம். விளையாட்டாகக் கையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுவோம். அவ்வளவு போதும். குழந்தை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழும். பழகிய கை முழங்கையை மடக்கி ஒரு திருப்பு திருப்பினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். அஞ்சு நிமிஷத்தில் குழந்தை அதே கையால் பிஸ்கட் வாங்கிக்கொள்ளும். குழந்தை டாக்டர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஊரில் ஒருவருக்குக் 'கைராசி' என்று பெயர் வருவதற்கு இப்படி நாலு குழந்தை போதும்.

இன்னொன்று, பிறந்த குழந்தையின் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகி, தலை சாய்ந்தே இருப்பது. இதில் பெரும்பாலானவை மென்மையான பயிற்சியிலேயே முதல் வருஷத்துக்குள் சரியாகிவிடும். நடுவில் யார் நீவியிருந்தாலும் பெயர் அவருக்குத்தான்.

ஆனால் கையைத் தூக்காத எல்லாக் குழந்தைக்கும் ஒரே காரணமா? இல்லை. பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டு இழுபட்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கற்றை அடிபடும். பார்வைக்கு அது 'உரம்' மாதிரியேதான் இருக்கும். பல குழந்தைகளுக்குத் தானாகவே தேறும். மூன்று மாசம் ஆகியும் முழங்கையை மடக்க வரவில்லை என்றால் நரம்பு ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். 'இன்னும் ரெண்டு தடவை உரம் எடுத்துப் பார்ப்போம்' என்று இருந்துவிட்டால் அந்தக் காலம் திரும்பி வராது.

இதைவிட அவசரம் ஒன்று உண்டு. மூட்டுக்குள் சீழ் பிடிப்பது. குழந்தை காலையோ கையையோ அசைக்காது, ஜுரம் இருக்கும், பால் குடிக்காது. சின்னஞ்சிறு சிசுவாக இருந்தால் ஜுரம்கூடத் தெரியாமல் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மூட்டே அரித்துப் போய்விடும். அந்தக் குழந்தையை வேட்டியில் போட்டு உருட்டினால் என்ன ஆகும்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

சொடுக்கு எடுப்பது ஒரு வைத்தியமா?

இப்போது கைரோபிராக்டிக் பக்கம் வருவோம். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் ஆரம்பித்தது. முதுகெலும்பை ஒழுங்கு செய்தால் வியாதிகள் விலகும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இதற்குக் கல்லூரி, லைசென்ஸ், பதிவு எல்லாம் இருக்கின்றன. குழந்தைகளுக்கென்றே மேற்பயிற்சிகளும் வந்துவிட்டன. நம் நாட்டில் டாக்டர்களுக்கு இருப்பது போல் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்ய ஒரு தனி கவுன்சில் கிடையாது. போர்டில் எழுதியிருப்பது உண்மையா என்று நீங்களேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இதில் ஓரளவு பலன் உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதை மறுக்கவில்லை. குழந்தைகள் விஷயம் வேறே.

2018-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு வீடியோ பிறகு பெரிய புயலைக் கிளப்பியது. பிறந்து இரண்டே வாரமான சிசுவுக்கு ஒரு கைரோபிராக்டர் செய்த சிகிச்சை அதில் இருந்தது. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அடுத்த வருஷமே, இரண்டு வயசுக்குக் குறைந்த குழந்தைகளின் முதுகெலும்பைச் சொடுக்கக் கூடாது என்று அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியம் தடை போட்டது. விக்டோரியா மாநில அரசு ஒரு குழுவை வைத்து அலசியது. அந்தக் குழு 2019-ல் சொன்னதை நேர்மையாக அப்படியே சொல்ல வேண்டும். பெரிய கேடு நடந்ததற்கு அதிக ஆதாரம் இல்லை. ஆனால் குழந்தைகளின் வயிற்றுவலி அழுகை, காதுக்கோளாறு போன்றவற்றுக்கு இதனால் நன்மை என்று காட்ட வலுவான ஆதாரமும் இல்லை. 2023 கடைசியில் வாரியம் தடையைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் பொங்கி எழுந்தார்கள். 2024-ல் தடை மறுபடியும் வந்துவிட்டது.

கல்லூரி, லைசென்ஸ், மேற்பயிற்சி எல்லாம் இருக்கிற நாட்டிலேயே இந்தக் கதை! இதிலிருந்து எனக்குத் தெரிகிற பாடம் இது: 'பயிற்சி' என்ற வார்த்தையைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. எதில் பயிற்சி என்று கேட்க வேண்டும். பலனே நிரூபிக்கப்படாத ஒன்றை இன்னும் நேர்த்தியாகச் செய்யப் பயிற்சி கொடுத்து என்ன பிரயோசனம்? அந்த 'சடக்' சத்தமும் எலும்பு இடத்தில் உட்காருகிற சத்தம் இல்லை. மூட்டு நீருக்குள் வாயு இடைவெளி உண்டாகிற சத்தம்தான்.

அதே அயோவாவில் இன்னொரு ஜோடிக் கை

பயிற்சி பெற்ற கை என்றால் எப்படி இருக்க வேண்டும்? அதற்கும் அதே அயோவா மாநிலத்துக்கே போகலாம். அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி என்ற எலும்பு டாக்டர் இருந்தார். 2009-ல் காலமானார். பிறவி வளைபாதம் என்கிறோமே, பாதம் உள்பக்கம் திரும்பிப் பிறக்கிற குழந்தைகள், அவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டிருந்த காலத்தில், அவர் வெறும் கையால் திருத்தும் முறையைக் கண்டுபிடித்தார். வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாக, எந்த எலும்பு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரிந்து அழுத்தி, மாவுக்கட்டு போடுவது. ஐந்தாறு கட்டில் பாதம் நேராகிவிடும். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டு. பிறகு நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது ஒரு விசேஷ ஷூ.

இந்த முறை முழுக்க முழுக்கக் கைவேலை. உலகமே ஒப்புக்கொண்ட கைவேலை. ஆப்பிரிக்காவில் மலாவி போன்ற டாக்டர் பஞ்சம் உள்ள நாடுகளில், எம்.பி.பி.எஸ். படிக்காத மருத்துவ உதவியாளர்கள்கூட இதைக் கற்றுக்கொண்டு நன்றாகச் செய்கிறார்கள். ஆகவே பட்டம் மட்டும் முக்கியமல்ல. சரியான வேலையைச் சரியானபடி சொல்லிக்கொடுத்து, மேற்பார்வை பார்க்க ஆள் இருப்பதுதான் முக்கியம்.

கட்டு கட்டுபவர்களுக்குப் பாடம் சொல்ல முடியுமா என்று கேட்கிறீர்களா? எத்தியோப்பியாவில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் நம் ஊர் மாதிரியே மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, கை கால் அழுகி, வெட்டி எடுக்க வேண்டிய நிலையில் குழந்தைகள் வருவார்கள். அந்த வைத்தியர்களைக் கூப்பிட்டு ஒரே ஒருநாள் வகுப்பு எடுத்தார் ஒரு டாக்டர். அதற்குப் பிறகு அழுகிய கை கால்களோடு ஆஸ்பத்திரிக்கு வருவது வெகுவாகக் குறைந்ததாக 2005-ல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் எழுதினார். ஒருநாள் வகுப்பில் எலும்பு வைத்தியம் முழுக்க சொல்லித்தர முடியாது. எதைத் தொடக் கூடாது, எப்போது கட்டை அவிழ்க்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லித்தரலாம். அதுவே எத்தனையோ பிஞ்சுக் கைகளைக் காப்பாற்றிவிட்டதே!

இங்கே என்ன செய்யலாம்?

முதலாவது, நம்மிடம் ஏற்கெனவே இருப்பது. 2021-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தார்கள். பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையான பெரியவர்கள் வீட்டுக்கு. நாலு வருஷத்துக்கு மேல் படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குழந்தைகள் விஷயத்தில் மேற்பயிற்சி கொடுத்தால் என்ன? ஜிப்மர் மாதிரி இடத்தில் குழந்தை எலும்பு டாக்டர் பக்கத்தில் நின்று சில வாரம் வேலை பார்க்கட்டும். மரக்காணத்துக் குப்பத்தில் ஒரு குழந்தையின் சாய்ந்த கழுத்துக்கு அம்மாவிடமே பயிற்சி சொல்லிக்கொடுக்க அப்புறம் ஜிப்மர் வரைக்கும் போக வேண்டாம்.

இரண்டாவது, கிராம சுகாதார நர்ஸ். பிறந்த குழந்தையை வீட்டில் வந்து பார்க்கிறவர். பிறவி வளைபாதம், இடுப்பு மூட்டு நழுவல் இரண்டும் 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலிலேயே இருக்கின்றன. இடுப்பு மூட்டுக் கோளாறை ஆறு மாசத்துக்குள் கண்டுபிடித்தால் ஒரு வார்ப்பட்டையிலேயே பெரும்பாலும் சரியாகும். நடக்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்தால் ஆபரேஷன். தேதி தவறாமல் கண்டுபிடிப்பதும் ஒரு கைத்திறமைதான். அதற்கும் அடிக்கடி பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, சித்த மருத்துவம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பாளையங்கோட்டை அரசுக் கல்லூரியிலும் குழந்தை மருத்துவம் என்றே தனிப் பட்ட மேற்படிப்பு இருக்கிறது. கட்டு கட்டும் பரம்பரை வைத்தியர்களோடு அவர்களுடைய பாஷையிலேயே பேச இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

"அப்படியானால் போலி வைத்தியர்களுக்கு சர்ட்டிபிகேட் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று டாக்டர்கள் கோபிக்கலாம். கோபம் நியாயமானது. மூன்றுநாள் வகுப்புக்குப் போய்விட்டு, வாசலில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டுகிற ஆபத்து நிஜம். அதனால்தான் சொல்கிறேன், சர்ட்டிபிகேட்டே வேண்டாம். லைசென்ஸும் வேண்டாம். 'இதைத் தொடாதே, அனுப்பு' என்ற ஒரே பாடம் மட்டும். தடை போட்டால் அவர்கள் காணாமல் போகமாட்டார்கள். பின்வாசல் வழியாகச் செய்வார்கள், கட்டு இறுகினாலும் பயத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டார்கள். நஷ்டம் குழந்தைக்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். யாரிடம் குழந்தையைக் கொடுத்தாலும் இந்த மூன்றைக் கேளுங்கள். குழந்தைகளுக்கென்று எங்கே, எத்தனை நாள் படித்தீர்கள்? என் குழந்தைக்கு என்ன கோளாறு என்று நினைக்கிறீர்கள்? எப்படி இருந்தால் நீங்கள் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு 'எல்லாத்தையும் நானே சரி பண்ணிடுவேன்' என்று பதில் வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர் எந்த நாட்டுப் பட்டம் வைத்திருந்தாலும் சரி.

ஜுரத்தோடு கை கால் அசையாமல் இருந்தால், பிறந்ததிலிருந்தே ஒரு கை துவண்டு கிடந்தால், விழுந்து அடிபட்ட இடம் வீங்கினால், கழுத்து விறைத்தால் எங்கும் நீவ வேண்டாம், உருட்ட வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108.

கட்டு போட்ட குழந்தையின் விரல்களை அடிக்கடி பாருங்கள். விரல் வீங்கி, வெளிறி அல்லது நீலம் பாரித்து, சில்லென்று ஆனாலோ, விரலை நீட்டிவிட்டால் குழந்தை அலறினாலோ கட்டு இறுகியிருக்கிறது. 'காலையில் போய்ப் பார்க்கலாம்' என்று வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். ரத்தம் போகாத தசை ஆறேழு மணி நேரத்தில் செத்துவிடும். முழங்கைக்கு மேலே எலும்பு முறிகிற அஞ்சு, ஆறு வயசுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்.

பழசை எல்லாம் விட்டுவிடச் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில், கால் இரண்டும் அகலமாக விரிய வைத்துத் தூக்குகிறோமே, அது இடுப்பு மூட்டுக்கு ரொம்ப நல்லது. ஜப்பானில் குழந்தையின் காலை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் இருந்தது. 1970-களில் அதை விடச்சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். இடுப்பு நழுவல் வெகுவாகக் குறைந்தது. நம் அம்மாக்கள் யாரும் சொல்லாமலே சரியாகச் செய்து வந்திருக்கிறார்கள். இதமாக எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதும் நல்லதே. இழுப்பது, முறுக்குவது, உலுக்குவது, தலைகீழாகப் பிடிப்பது, இவைதான் கூடாது.

பச்சை மண்ணை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று குயவர் நினைப்பதில்லை. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் கற்றுக்கொண்ட பிறகுதான் சக்கரத்தில் உட்காருகிறார். குழந்தை அந்த மண்ணை விடவும் பச்சை. அதைத் தொடுகிறவரிடம் 'எங்கே கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கூச்சப்படாமல் கேளுங்கள்.